பணம் போச்சா, போகலையா?
ஏபிஐ இணைப்புகள் எங்கே சறுக்குகின்றன, எப்படிச் சோதிக்கப்பட வேண்டும்

ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடம் இணையம் வழியாகக் கேட்டுப் பதில் வாங்கும் ஏற்பாடுதான் ஏபிஐ. எதைக் கேட்கலாம், எந்த வடிவில் கேட்க வேண்டும், என்ன பதில் வரும் என்பதெல்லாம் அதில் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கும். தி.நகர் ரங்கநாதன் தெருவில் சட்டை வாங்கிவிட்டு க்யூஆர் ஸ்கேன் செய்வது, கைப்பேசியில் மெட்ரோ டிக்கெட் எடுப்பது, மொத்த வியாபாரி ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் போடுவது என எல்லாவற்றுக்கும் பின்னால் நடப்பவை ஏபிஐ அழைப்புகளே. எல்லா சர்வர்களும் ஒழுங்காக ஓடும் நாளில் எந்த இணைப்பும் வேலை செய்யும். பதில் தாமதமானால், பாதியில் நின்றால், இரண்டு முறை வந்தால் அது என்ன செய்கிறது என்பதில்தான் தரம் தெரியும். இந்தச் சிக்கல்களை ஏறக்குறைய மொத்தமாகக் காட்டுவது யூபிஐ.

ஒரு ஸ்கேனுக்குப் பின்னால்

கைப்பேசிப் பணப் பரிமாற்றத்தில் சென்னைக்கு ஒரு பழைய பங்கு உண்டு. இதற்கான தரங்களை வகுக்க 2006-இல் உருவான இந்திய மொபைல் பேமென்ட் ஃபோரத்தை, ஹைதராபாத்தின் ஐடிஆர்பிடி நிறுவனமும் சென்னை ஐஐடி-யின் ஆர்டிபிஐ மையமும் சேர்ந்து தொடங்கின. 2010-இல் தேசிய பணப்பரிவர்த்தனைக் கழகமான என்பிசிஐ, உடனடிப் பணப் பரிமாற்றத்துக்கான ஐஎம்பிஎஸ் சேவையைக் கொண்டுவந்தது. அதன் மேல் எழுப்பப்பட்ட யூபிஐ-யை 2016 ஏப்ரல் 11 அன்று அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் தொடங்கி வைத்தார். 2025 ஆகஸ்டில் யூபிஐ-யின் மாதப் பரிவர்த்தனை எண்ணிக்கை முதன்முறையாக 2,000 கோடியைத் தாண்டியது.

கடைக்காரரின் ஒலிப்பெட்டி "ரூபாய் 450 பெறப்பட்டது" என்று சொல்வதற்குள் பல கைகள் மாறுகின்றன. வாடிக்கையாளரின் செயலி தன் பின்னால் இருக்கும் வங்கிக்குக் கோரிக்கையை அனுப்புகிறது. அந்த வங்கி அதை என்பிசிஐ-க்குத் தள்ளுகிறது. என்பிசிஐ, கடைக்காரரின் யூபிஐ முகவரி எந்தக் கணக்கைக் குறிக்கிறது என்று அவர் தரப்பு வங்கியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. பிறகு வாடிக்கையாளர் கணக்குள்ள வங்கியிடம் 'பற்று வை' என்றும், கடைக்காரர் கணக்குள்ள வங்கியிடம் 'வரவு வை' என்றும் சொல்கிறது. கடைசியாக இரு தரப்புக்கும் முடிவு தெரிவிக்கப்படுகிறது. இதில் எந்த ஒரு கண்ணி சுணங்கினாலும் கல்லாவில் நிற்பவருக்குத் தெரிவது ஒன்றுதான்: திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம்.

ஆமாம், இல்லை, தெரியாது

ஒரு ஏபிஐ அழைப்புக்கு வெற்றி, தோல்வி என இரண்டு முடிவுகள்தாம் என்று எண்ணி எழுதப்படும் இணைப்பு, சிக்கலை உள்ளே வைத்துக்கொண்டே பிறக்கிறது. மூன்றாவது முடிவும் உண்டு: குறித்த நேரத்துக்குள் பதிலே வராமல் போவது. டைம்அவுட் என்பது தோல்வி அல்ல. கோரிக்கை போய்ச் சேராமலே இருக்கலாம். போய்ச் சேர்ந்து வேலையும் முடிந்து, திரும்பி வரும் வழியில் பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். அனுப்பியவருக்கு இரண்டும் ஒரே மௌனம்தான்.

யூபிஐ இந்த மூன்றாம் நிலையை வெளிப்படையாக ஏற்றுக்கொள்கிறது. பற்று வைத்த பிறகு வரவு வைக்கும் வங்கியிடமிருந்து பதில் வராவிட்டால், அந்தப் பரிவர்த்தனை தோல்வி என்று மூடப்படுவதில்லை. 'டீம்டு' என்ற தனி வகையில் வைக்கப்பட்டுப் பின்னர் சரிபார்க்கப்படுகிறது. ரிசர்வ் வங்கியும் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கையில் இதற்குக் கெடு விதித்தது. தனிநபருக்கு அனுப்பிய பணம் சேராவிட்டால் அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியது உறுதியாகாவிட்டால் ஐந்து நாளுக்குள் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வாடிக்கையாளருக்கு 100 ரூபாய் இழப்பீடு.

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதும் எளிய கேள்வி அல்ல. அளவு குறைந்தால், நடந்து முடிந்த வேலைகளும் நிச்சயமற்றவையாகிவிடும். கூடினால், தேங்கிய கோரிக்கைகள் சர்வரை அடைத்துக்கொள்ளும். 2025 ஜூன் 16 முதல் யூபிஐ-யில் பணம் செலுத்தும் அழைப்புக்கான கெடு 30 நொடியிலிருந்து 15 நொடியாகவும், பரிவர்த்தனை என்ன ஆனது என்று நிலையறியும் அழைப்புக்கான கெடு 30-லிருந்து 10 நொடியாகவும் குறைக்கப்பட்டன. இப்படி ஒரு பக்கம் எண் மாறும்போது, அதைச் சார்ந்த ஒவ்வொரு மென்பொருளிலும் காத்திருப்பு நேரத்தைத் திருத்திச் சோதித்தாக வேண்டும்.

ஒரே வேலை, இரண்டு முறை

பதில் வராதபோது மனிதர் செய்வதைத்தான் மென்பொருளும் செய்கிறது: மறுபடி அனுப்பும். முதல் கோரிக்கை ஏற்கெனவே நிறைவேறியிருந்தால் இரண்டாவது கோரிக்கை இரட்டைப் பற்றாகிவிடும். இதைத் தடுக்க ஒவ்வொரு கோரிக்கைக்கும் அனுப்புபவரே ஒரு தனி எண் கொடுக்க வேண்டும். மறுமுறை அனுப்பும்போது அதே எண் போக வேண்டும். அந்த எண்ணை ஏற்கெனவே பார்த்த சர்வர், வேலையை மறுபடி செய்யாமல் பழைய முடிவையே சொல்ல வேண்டும். மறுமுயற்சியின்போது புதிய எண்ணை உருவாக்கிவிடும் நிரல், இந்தப் பாதுகாப்பையே உடைத்துவிடுகிறது.

ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வணிகங்கள், பிற வணிகங்களுக்குப் போடும் பில்களை 2023 ஆகஸ்ட் 1 முதல் அரசுத் தளத்தில் பதிய வேண்டும். விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகியவற்றிலிருந்து 64 எழுத்து கொண்ட பில் அடையாள எண்ணான ஐஆர்என் கணக்கிடப்படுகிறது. அதே பில் மறுபடி வந்தால் அதே ஐஆர்என்தான் கிடைக்கும் என்பதால், தளம் அதை இரட்டைப் பதிவு என்று நிராகரிக்கிறது. உஸ்மான் சாலை ஜவுளி மொத்த வியாபாரி ஒருவரின் கணக்கு மென்பொருள் இந்த நிராகரிப்பை வெறும் பிழையாகக் காட்டினால், கணக்கர் புது எண்ணில் இன்னொரு பில் போட்டுவிடுவார். ஒரே சரக்குக்கு இரண்டு பில் பதிவாகும். சரியான இணைப்பு அந்தப் பதிலை 'முதல் முறையே பதிவாகிவிட்டது' என்று புரிந்துகொண்டு, பழைய ஐஆர்என்னைக் கேட்டு வாங்கும்.

தகவல் எதிர்ப்பக்கத்திலிருந்து தானாக வந்து சேரும் வெப்ஹூக்குகளிலும் இதே கவனம் தேவை. ஒரே செய்தி இருமுறை வரலாம். 'பணம் திரும்பியது' என்ற செய்தி 'பணம் வந்தது' என்பதற்கு முன்பே வந்து நிற்கலாம். வந்த செய்தி உண்மையான இடத்திலிருந்துதான் வந்ததா என்று கையொப்பத்தைச் சரிபார்க்காமல் பொருளைக் கொடுத்தனுப்பும் கடை ஏமாறும்.

ஏப்ரல் 12 கற்றுத்தந்தது

2025 மார்ச் 26 முதல் ஏப்ரல் 12 வரை, மூன்று வாரத்துக்குள் யூபிஐ பலமுறை முடங்கியது. இவற்றில் ஏப்ரல் 12, சனிக்கிழமை நடந்த முடக்கம் பல மணி நேரம் நீடித்தது. சில வங்கிகள் 'அந்தப் பரிவர்த்தனை என்ன ஆனது?' என்று நிலையறியும் அழைப்பை, பழைய பரிவர்த்தனைகளுக்கும் சேர்த்து, திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருந்தது நெரிசலைப் பெருக்கியதாக என்பிசிஐ கண்டறிந்தது. கோளாறை விசாரிக்கப் போன அழைப்புகளே கோளாறை வளர்த்தன.

இதன் பிறகு வந்த கட்டுப்பாடுகள் ஏபிஐ எழுதுவோர் எல்லோருக்கும் பாடம். பரிவர்த்தனை தொடங்கிக் குறிப்பிட்ட நேரம் கழிந்த பிறகே முதல் நிலையறியும் அழைப்பு அனுப்பலாம். இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் கேட்கக் கூடாது. 2025 ஆகஸ்ட் முதல், ஒரு செயலியில் ஒரு வாடிக்கையாளர் நாளுக்கு 50 முறைதான் இருப்புத்தொகை பார்க்கலாம். கைப்பேசி எண்ணோடு இணைந்த கணக்குகளின் பட்டியலை 25 முறைதான் கேட்கலாம். காலை 10 முதல் 1 மணி வரையும், மாலை 5 முதல் 9.30 வரையும் நெரிசல் நேரம். தானியங்கி மாதப் பிடித்தங்கள் அந்த நேரத்தைத் தவிர்க்க வேண்டும்.

மறுமுயற்சிக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதல் தோல்விக்குப் பின் சிறிது நேரம், அடுத்ததற்குப் பின் அதைப்போல இருமடங்கு என இடைவெளி கூடிக்கொண்டே போக வேண்டும். ஆயிரக்கணக்கான சாதனங்கள் ஒரே நொடியில் மறுபடி தட்டாதபடி ஒவ்வொன்றும் இடைவெளியைக் கொஞ்சம் முன்பின் மாற்றிக்கொள்ள வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்குப் பின் நிறுத்திவிட வேண்டும். '429' என்ற பதிலுக்கு 'அளவுக்கு மீறிக் கேட்கிறாய்' என்று பொருள். உடனே மறுபடி கேட்பது அதற்கு விடையாகாது. '400' வந்தால் கோரிக்கையே தவறு. எத்தனை முறை அனுப்பினாலும் அதே பதில்தான். '503' வந்தால் பொறுத்திருந்து முயலலாம். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் எல்லாப் பிழைக்கும் ஒரே மருந்து கொடுக்கும் நிரல்கள் இன்றும் ஏராளம்.

பைசா, தேதி, தமிழ் எழுத்து

அழைப்பு ஒழுங்காகப் போய்வந்தாலும் உள்ளிருக்கும் தகவல் பிசகலாம். பணப் பரிமாற்ற ஏபிஐ-களில் பல, தொகையைப் பைசாவில் எதிர்பார்க்கின்றன. அங்கே 500 என்று அனுப்பினால் வசூலாவது 5 ரூபாய். ரூபாயையும் பைசாவையும் தசமப் புள்ளி எண்ணாக வைத்துக் கூட்டினால் சிறு பிழைகள் சேரும்; பைசாவை முழு எண்ணாக வைப்பதே பாதுகாப்பு.

இந்திய நேரம் உலக நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. ஏப்ரல் 1 காலை 5 மணிக்குப் போட்ட பில், உலக நேரத்தில் மார்ச் 31 இரவு 11.30. நேர மண்டலத்தைக் குறிக்காமல் அனுப்பினால் அந்த பில் முந்தைய நிதியாண்டுக்குப் போய்விடும்.

தமிழ்ப் பெயர்கள் தனிச் சோதனை. 'மயிலாப்பூர்' படிப்பவருக்கு 6 எழுத்து. யூனிகோடில் அது 11 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 33 பைட். முகவரிக் கட்டத்துக்கு 30 பைட் என்று வரம்பு வைத்த சர்வர், கடைசி எழுத்தின் புள்ளியை வெட்டிவிடும். 'கோடம்பாக்கம்' என்பதிலுள்ள 'ஓ'கார உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியையும் காலையும் சேர்த்து இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவராவிட்டால், தேடினால் கிடைக்காது. சோதனைத் தரவில் ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்திருக்கும் குழுவுக்கு இந்தப் பிழைகள் எதுவும் கண்ணில் படாது.

பல துறை, ஒரே டிக்கெட்

2025 செப்டம்பர் 22 அன்று தொடங்கப்பட்ட 'சென்னை ஒன்று' செயலி மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில், ஆட்டோ, டாக்ஸி ஆகியவற்றை ஒரே க்யூஆரின் கீழ் கொண்டுவருகிறது. இதை நடத்துவது சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமமான கும்டா. பேருந்து மாநில அரசுக் கழகத்துடையது. மெட்ரோ மத்திய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனம். புறநகர் ரயில் இந்திய ரயில்வே. ஒவ்வொன்றுக்கும் தனிக் கணினி, தனிக் கட்டண விதி, தனி நிர்வாகம்.

இத்தகைய இணைப்பில் பாதி வெற்றிதான் பெரிய தலைவலி. அடையாறிலிருந்து பேருந்தில் சைதாப்பேட்டை போய் மெட்ரோ பிடிக்கும் ஒரு பயணத்தில், பேருந்து டிக்கெட் கிடைத்து மெட்ரோ சர்வர் பதில் சொல்லாமல் போனால் முதல் டிக்கெட்டை ரத்து செய்வதா, அதை மட்டும் கொடுப்பதா, காத்திருப்பதா? இந்த முடிவை நிரல் எழுதும்போதே எடுக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் அதைத் திரும்பப் பெறும் எதிர்ப்படி எழுதி, அதையும் சோதிக்க வேண்டும்.

இன்னொன்று பதிப்பு மாற்றம். ஒரு துறை தன் ஏபிஐ-யில் ஒரு புலத்தின் பெயரை மாற்றினாலே மற்றவர்களின் செயலி நின்றுவிடக்கூடும். புதிய பதிப்பைத் தனி முகவரியில் வைத்து, பழையதை அறிவித்த தேதி வரை ஓடவிடுவது நாகரிகம். பயன்படுத்துவோரும் அறிமுகமில்லாத புலம் வந்தால் திணறாமல் கடந்து போகும்படி எழுத வேண்டும்.

சாண்ட்பாக்ஸில் தேறினால் போதாது

சோதனைக்காக ஏபிஐ வழங்குவோர் கொடுக்கும் சாண்ட்பாக்ஸ், பெரும்பாலும் நல்ல நாளை மட்டுமே காட்டும். பதில் உடனே வரும், ஓடிபி எப்போதும் ஒன்றே, நெரிசல் கிடையாது. உண்மைச் சூழலில் டோக்கன் காலாவதியாகும், பாதுகாப்புச் சான்றிதழ் முடிந்துபோகும், அனுமதிப் பட்டியலில் இல்லாத ஐபி முகவரி தடுக்கப்படும். சோதனைச் சாவியை உண்மைச் சூழலில் விட்டுவைப்பதும், உண்மைச் சாவியை நிரலுக்குள்ளேயே எழுதிப் பொதுவெளியில் ஏற்றிவிடுவதும் அடிக்கடி நடப்பவை.

பெங்களூரில் 2012-இல் பிறந்த போஸ்ட்மேன் போன்ற கருவிகள் கோரிக்கை அனுப்பிப் பதில் பார்க்கும் வேலையை எளிதாக்கியுள்ளன. அவற்றால் ஒரு கோரிக்கை சரியா என்று பார்க்கலாம். மௌனத்தைச் சோதிக்க வேறு ஏற்பாடு வேண்டும். எதிர்ப்பக்க சர்வரைப் போல நடிக்கும் ஒரு போலி சர்வரை வைத்து, பதிலை வேண்டுமென்றே 40 நொடி தாமதிப்பது, பாதி பதிலோடு இணைப்பைத் துண்டிப்பது, ஒரே வெப்ஹூக்கை மூன்று முறை அனுப்புவது, வேலையை முடித்துவிட்டு '500' (சர்வர் பிழை) என்று சொல்வது ஆகியவற்றைத் தானியங்கிச் சோதனைகளாக எழுத வேண்டும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, அட்சய திருதியை போன்ற நாட்களில் தி.நகர் பார்க்கும் கூட்டத்துக்கு நிகரான சுமையை முன்கூட்டியே ஏற்றிப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு சோதித்தாலும் சில பரிவர்த்தனைகள் தொங்கும். அப்போது கைகொடுப்பது பதிவேடு. யூபிஐ-யின் 12 இலக்கக் குறிப்பு எண்ணைக் காட்டினால் போதும். கடை, செயலி, வங்கி ஆகிய மூவரும் ஒரே பரிவர்த்தனையைத் தேடி எடுக்க முடியும். எல்லா இணைப்புக்கும் இப்படி ஒரு பொது எண் வேண்டும். பதிவேட்டில் கடவுச்சொல்லோ கார்டு எண்ணோ இருக்கக் கூடாது. நாள் முடிவில் தன் கணக்கையும் எதிர்ப்பக்கக் கணக்கையும் வரிக்கு வரி ஒப்பிடும் வேலை தானாக ஓட வேண்டும்.

ஒரு ஏபிஐ இணைப்பை வாங்கும் கடைக்காரரோ, அரசுத் துறையோ, மென்பொருள் குழுவோ ஒப்படைப்பின்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி 'வேலை செய்கிறதா?' என்பதல்ல. 'பதில் வராவிட்டால் என்ன செய்யும்?' என்பதே. அதற்கு எழுத்தில் விடையும், ஓட்டிக் காட்டச் சோதனையும் இல்லாத இணைப்பு இன்னும் முடியவில்லை என்றே கொள்ள வேண்டும்.