சுதந்திர தினத்துக்குச் சென்னை வருகிறீர்களா?

ஆதம்பாக்கத்தில் உறவினர் வீடு. ஆகஸ்டு 15-ந் தேதி லீவு. "கோட்டையில் கொடி ஏற்றுவதைப் பார்க்க வேண்டும், அப்பா!" என்கிறான் பிள்ளை. குடும்பமே ஊரிலிருந்து புறப்பட்டுவிட்டது.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். அந்த ஒரே நாளில் சென்னை முழுவதையும் பார்த்துவிட நினைக்கிறார்கள். கோட்டையிலிருந்து நேரே எழும்பூர் மியூசியத்துக்கு ஓடுகிறார்கள். அங்கே கதவு சாத்தியிருக்கும்! வெள்ளிக்கிழமைகளிலும், தேசிய விடுமுறை நாட்களிலும் அந்த மியூசியம் கிடையாது. பஸ் செலவு வீண். குழந்தைகள் முகமும் வாடிவிடும்.

ஆகவே, இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்

பரங்கிமலை நிலையத்தில் கடற்கரை செல்லும் மின்சார ரெயிலில் ஏறுங்கள். கோட்டை நிலையத்தில் இறங்கி நடந்து போகலாம். அன்று அந்தப் பக்கம் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். எனவே ரெயிலே நல்லது. ஆனால் லீவு நாளில் ரெயில்கள் குறைவு. முதல் நாள் மாலையே நேரம் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் சோதனை உண்டு. மூட்டை முடிச்சு வேண்டாம்.

கோட்டையில் கொடி ஏற்றுபவர் முதல்-அமைச்சர். முன்பெல்லாம் கவர்னர்தான் ஏற்றுவார். அந்த உரிமை முதல்-அமைச்சர்களுக்கும் வேண்டும் என்று கேட்டுப் பெற்றவர் கருணாநிதி. 1974 ஆகஸ்டு 15-ல் அவரே அங்கு கொடி ஏற்றினார். இன்று இந்தியாவின் மற்ற மாநிலங்களிலும் இதுவே வழக்கம்.

மாலையில் மெரினாவுக்குப் போங்கள். கடற்கரைக்குக் கதவும் இல்லை, டிக்கெட்டும் இல்லை!

மறுநாள்

மீண்டும் கோட்டைக்கே வாருங்கள். உள்ளே ஒரு மியூசியம் இருக்கிறது. 1947 ஆகஸ்டு 15 அதிகாலையில் இதே கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி அங்கே இருக்கிறது. பட்டுத் துணி; 12 அடி நீளம், 8 அடி அகலம். 2013 முதல் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

இந்த மியூசியத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. 16-ந் தேதி வெள்ளியாக இருந்தால், 17-ந் தேதி போங்கள். ஊரில் புறப்படும் முன்பே காலண்டரைப் பார்த்துவிடுங்கள்.

நேற்று கம்பத்தில் பறந்த கொடியை எட்ட நின்று பார்த்த பிள்ளை, இன்று அந்த முதல் கொடியைப் பக்கத்தில் நின்று பார்ப்பான். "தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது ஏற்றிய கொடியடா, இது!" என்று சொல்லுங்கள். அவன் மறக்கமாட்டான்!