கடல் கடந்த பேரனுக்குக் கிடைக்கும் துணை

அமெரிக்காவிலிருந்து வரும் காணொளி அழைப்புக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மில் பலர் பூஜையைச் சற்று முன்னதாகவே முடித்துக்கொள்கிறோம். பேரன் திரையில் தோன்றுகிறான்; இரண்டு நொடி நிற்கிறான்; ஓடிவிடுகிறான். "அவனுக்குத் தூக்கம் வந்துவிட்டது அப்பா" என்று மகள் சமாளிக்கிறாள். சில வீடுகளில் அந்தச் சமாளிப்புக்குப் பின்னால் ஒரு செய்தி மறைந்திருக்கிறது. பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கும்; மருத்துவர் ஏ.டி.எச்.டி. என்று சொல்லியிருப்பார், ஊரிலிருக்கும் பெரியவர்கள் வருந்துவார்களே என்று நம்மிடம் சொல்லாமல் விட்டிருப்பார்கள். சொன்னால் நாம் என்ன சொல்வோம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். "உன் அண்ணனும் சிறு வயதில் இப்படித்தான் இருந்தான். இன்று நன்றாக இல்லையா? குழந்தைக்குப் போய் மாத்திரையா?"

என் நண்பர் ஒருவரின் மகள் நியூஜெர்ஸியில் வசிக்கிறாள். ஏழு வயதுப் பேரனைப் பற்றிய செய்தி நண்பருக்கு ஓராண்டு கழித்தே தெரிந்தது. அந்த ஓராண்டும் அலுவலகம், பள்ளி, மருத்துவமனை என்று அந்தப் பெண் தனியாகவே அலைந்திருக்கிறாள். "சொல்லியிருந்தால் ஆறு மாதம் போய் உடன் இருந்திருப்போமே" என்பதே நண்பரின் ஆற்றாமை. அவருக்காகத் தேடிப் படித்தவற்றை, அதே நிலையில் இருக்கக்கூடிய வாசக அன்பர்களுக்காகவும் எழுதுகிறேன்.

கவனம் நிலைகொள்ளாமை, அளவுமீறிய துறுதுறுப்பு, யோசிக்குமுன் செய்துவிடும் அவசரம் ஆகியவை சேர்ந்தது இந்த நிலை. இது மூளையின் வளர்ச்சியைச் சார்ந்தது. செல்லம் கொடுத்ததால் வருவதன்று, தாய் வேலைக்குப் போவதால் வருவதன்று, திருஷ்டியும் அன்று. ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 1902இலேயே லண்டனில் இத்தகைய குழந்தைகளைப் பற்றி விரிவுரை ஆற்றியிருக்கிறார். ஆகவே, இது கைப்பேசிக் காலத்தில் முளைத்த நோய் என்பதும் சரியன்று. உலகெங்கும் ஏறத்தாழ நூற்றுக்கு 5 குழந்தைகளிடம் காணப்படுகிறது. ஓடியாடும் பையனைப் பள்ளி உடனே கவனித்துவிடும். ஜன்னலைப் பார்த்துக் கனவு காணும் பேத்தியை எவரும் கவனிப்பதில்லை. அவளுக்கும் இதே நிலை இருக்கக்கூடும்.

"உன் அண்ணனும் இப்படித்தான்" என்கிறோமே, அதில் ஓர் உண்மை இருக்கிறது. இது பெரும்பாலும் பரம்பரையில் வருவது. குடும்பத்தில் எவருக்கேனும் இப்படி இருந்ததா என்று அங்கே மருத்துவரும் கேட்பார். மகனோ மருமகனோ சிறு வயதில் எப்படிப் படித்தார், எதைத் தொலைத்தார், ஆசிரியர் என்ன குறை சொன்னார் என்பதெல்லாம் நம் நினைவில்தான் இருக்கிறது. அதை வாதத்துக்குப் பயன்படுத்தாமல் தகவலாகச் சொன்னால், அது மருத்துவருக்கு உதவும்.

இனி, அங்கே கிடைக்கும் உதவி. அமெரிக்க அரசுப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் இரண்டு. ஒன்று 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டம். அதன் 504ஆம் பிரிவின்படி, முன் வரிசையில் இடம், தேர்வில் கூடுதல் நேரம், நடுவே எழுந்து நடக்க அனுமதி போன்ற சலுகைகளைப் பெறலாம். மற்றொன்று 1975இல் பிறந்து, பின்னர் ஐ.டி.இ.ஏ. என்று பெயர் மாறிய சட்டம். சிறப்புக் கற்பித்தல் தேவைப்படும் குழந்தைக்கு அதன்படி தனிக் கல்வித் திட்டம் வகுப்பார்கள். அதைச் சுருக்கமாக ஐ.இ.பி. என்பர். பள்ளி நடத்தும் மதிப்பீட்டுக்கும் இந்தத் திட்டத்துக்கும் பெற்றோர் ஒரு காசும் செலுத்த வேண்டியதில்லை. குடிமக்கள் வீட்டுக் குழந்தைக்கு மட்டும் என்பதும் இல்லை. விசாவில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கும் இதே உரிமை உண்டு. இது தெரியாமல் தயங்கி நிற்கும் நம்மவர்கள் பலர்.

மதிப்பீடு வேண்டும் என்பதை வகுப்பு ஆசிரியையிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுக் காத்திருக்கக்கூடாது. தேதியிட்டுக் கடிதம் கொடுத்துப் பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். (வங்கிக்காரன் புத்தி என்று சிரிக்கலாம், ஆனால் அங்கேயும் காகிதம்தான் பேசுகிறது.) பெற்றோர் எழுத்து மூலம் இசைவு தந்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும் என்பது மத்தியச் சட்டம், தனிக் கால வரம்பு வைத்திருக்கும் மாநிலங்களும் உண்டு. நண்பரின் மகள் முதல் நான்கு மாதங்களை வாய்ப்பேச்சிலேயே இழந்தாளாம்.

மாத்திரைதான் நம்மை மிகவும் அச்சுறுத்துவது. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு முதலில் பெற்றோருக்கே பயிற்சி அளிக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல். ஆறு வயதுக்குப் பின் பயிற்சியோடு மருந்தும் சேரலாம். "மருந்து கொடுத்தால்தான் வகுப்பில் சேர்ப்போம்" என்று கட்டுப்பாட்டிலுள்ள இம்மருந்துகளைப் பள்ளி வற்புறுத்த முடியாது. 2004ஆம் ஆண்டுத் திருத்தம் அதைத் தடுத்திருக்கிறது. முடிவு பெற்றோரும் மருத்துவரும் எடுப்பது. அவர்கள் எடுத்தபின், எட்டாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து தொலைபேசியில் நாம் அதைக் கலைக்கக்கூடாது என்பது என் திடமான கருத்து.

இங்கிருந்து லேகியம் அனுப்புவோர்க்கும் ஒரு சொல். 2004இல் பாஸ்டன் பகுதியில் தெற்காசியக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது, 14இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது. ஈயம் குழந்தையின் கவனத்தையே கெடுக்கக்கூடியது. எதைக் கொடுப்பதானாலும் முதலில் அங்குள்ள மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

நேரில் போகிறவர்களுக்குச் செய்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. மெத்தில்ஃபெனிடேட் வகை மருந்து பகலில் பசியைக் குறைக்கும்; மதிய உணவு டப்பா அப்படியே திரும்பி வரும். பாட்டி மனம் வாடி அதட்டத் தேவையில்லை. காலையில் மாத்திரைக்கு முன்னரே இரண்டு இட்லி கூடுதலாகக் கொடுத்து, மாலையில் பசி திரும்பும்போது சூடாகச் சாப்பாடு போட்டால் போதும். "போய்ப் பல் தேய்த்து, குளித்து, சீருடை அணிந்து வா" என்று மூன்று கட்டளையை ஒன்றாகச் சொன்னால் முதலாவது மட்டுமே நிற்கும். ஒவ்வொன்றாகச் சொல்லி, செய்தவுடன் பாராட்ட வேண்டும். பெரிய பரிசைவிட உடனே கிடைக்கும் சிறு பாராட்டு இக்குழந்தைகளிடம் நன்றாக வேலை செய்கிறது.

கோயிலுக்கும் அழைத்துச் செல்லலாம். இரண்டு மணி நேர அபிஷேகத்தில் கைகட்டி உட்காரச் சொன்னால் அவனுக்கும் தண்டனை, நமக்கும் தண்டனை. கூட்டம் குறைந்த வேளையில் போய், பூத்தட்டை அவன் கையில் கொடுங்கள். பிரதட்சிணத்தை அவனையே எண்ணச் சொல்லுங்கள். சுற்றி வருவதும் வழிபாடுதானே! "என்ன பிள்ளை வளர்த்திருக்கிறார்கள்" என்று எவரேனும் முணுமுணுத்தால், பதில் சொல்ல வேண்டியது மகள் அல்லள். அருகில் நிற்கும் நாம்.

விடுமுறையில் அவர்கள் இங்கே வரும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இம்மருந்து அங்கே கட்டுப்பாட்டில் இருப்பதால், ஒவ்வொரு முறையும் புதிய சீட்டு எழுதி வாங்க வேண்டும். இங்கும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தெருமுனை மருந்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணக்கூடாது. பயண நாள்களுக்கான மருந்தைப் பற்றி ஒரு மாதம் முன்னரே மருத்துவரிடம் பேசி, மருந்தை அதன் சொந்தப் புட்டியிலேயே, சீட்டுடனும் மருத்துவர் கடிதத்துடனும் கைப்பையில் வைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். இடையில் வேறு நாட்டில் விமானம் மாறுவதாக இருந்தால், அந்நாட்டின் விதியையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். ஜப்பான் போன்ற நாட்டில் இவ்வகை மருந்துகளுள் சில அறவே தடை செய்யப்பட்டவை.