கிடைத்தது, ஆனால் ஏற்ற முடியவில்லை

பொறியியல் மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார்: ‘உபுண்டுவில் க்யூட்டி 6 இன்ஸ்டால் செய்தேன். புரோகிராம் தவறில்லாமல் கம்பைல் ஆகிறது. ஓடவிட்டால், எக்ஸ்சிபி பிளகின் கிடைத்தது, ஆனாலும் ஏற்ற முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன். அதே கதைதான்.’

அவரைக் குறை சொல்ல மாட்டேன். ‘மறுபடி இன்ஸ்டால் செய்தால் சரியாகலாம்’ என்று அந்த எரர் செய்தியே யோசனை சொல்கிறது. நார்வேயில் பிறந்து 1995இல் வெளியுலகுக்கு வந்த க்யூட்டி மீது எனக்கு மதிப்பு அதிகம். அந்த ஒரு யோசனை மட்டும் ஆகாது.

க்யூட்டியின் இன்ஸ்டாலர் தன் சொந்த லைப்ரரிகளைக் கொண்டுவந்து இறக்கிவிடும். ஜன்னலைத் திரையில் காட்டவும் படம் வரையவும் வேண்டிய எக்ஸ்11, ஓப்பன்ஜிஎல் சமாசாரங்கள் உங்கள் லினக்ஸில் ஏற்கெனவே இருக்கும் என்று நம்பிக்கொள்ளும். ‘ஆப்ட்’ வழியாகப் போட்டிருந்தால் அதுவே துணைப் பொருட்களையும் இழுத்து வந்திருக்கும். தனி இன்ஸ்டாலர் அந்த வேலையைச் செய்வதில்லை.

கம்பைல் முடிந்து லிங்க் செய்யும்போது ‘எல்ஜிஎல் கிடைக்கவில்லை’ என்று வந்தால் கலங்க வேண்டாம். புரோகிராமை ஓட்டத் தேவையான, வால் எண் ஒட்டிய லிப்ஜிஎல் கோப்பு கணினியில் இருக்கும். லிங்கர் தேடுவது எண் இல்லாத பெயரை. அது ‘டெவ்’ பேக்கேஜில்தான் வரும். லிப்ஜிஎல்1-மேசா-டெவ் போட்டால் தீர்ந்தது.

மாணவரின் சிக்கல் வேறு. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். ஒரு புரோகிராம் தொடங்கும்போது, அதற்கு எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்ற பட்டியலை லினக்ஸின் லோடர் படிக்கிறது. ஒன்று இல்லையென்றாலும் பெயர் சொல்லி நிறுத்திவிடும். ‘எல்டிடி’ கட்டளையைக் கொடுத்தால் அதே பட்டியலை நாமும் பார்க்கலாம். இல்லாததற்கு எதிரே ‘நாட் ஃபவுண்ட்’ என்றிருக்கும். ஆனால் மாணவர் தன் புரோகிராமுக்கு எல்டிடி கொடுத்துப் பார்த்தபோது எல்லாம் இருப்பதாகவே வந்தது.

காரணம், எக்ஸ்சிபி பிளகின் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. புரோகிராம் ஓடத் தொடங்கிய பிறகுதான், திரை எக்ஸ்11-ஆ வேலேண்டா என்று க்யூட்டி பார்க்கிறது. பார்த்து, பிளாட்ஃபார்ம்ஸ் ஃபோல்டரிலிருந்து தேவையான பிளகினை எடுக்கிறது. அந்தப் பிளகினுக்கென்று தனியாக ஒரு பட்டியல் உண்டு. 2023இல் வந்த 6.5 முதல் அதில் லிப்எக்ஸ்சிபி-கர்சர் என்ற சின்ன லைப்ரரியும் சேர்ந்துகொண்டது. அது இல்லையென்றால் முழுப் பிளகினும் ஏறாது. எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் நாதஸ்வரக்காரர் விடியற்காலையிலேயே மண்டபத்துக்கு வந்துவிட்டார், தவில்காரர் வந்தபாடில்லை. மேளக்காரர் வந்தாச்சா என்று கேட்டவர்களுக்கெல்லாம் ‘வந்தாச்சு’ என்றோம். மேளம்தான் கேட்கவில்லை.

ஆகவே எல்டிடியைப் பிளகின் கோப்பின் மீது கொடுக்க வேண்டும். ‘நாட் ஃபவுண்ட்’ எங்கே இருக்கிறதோ அதுதான் குற்றவாளி. உபுண்டுவில் லிப்எக்ஸ்சிபி-கர்சர்0, ஃபெடோராவில் எக்ஸ்சிபி-யுடில்-கர்சர் என்ற பேக்கேஜைப் போட்டால் ஜன்னல் திறக்கும். அதற்கும் மசியாவிட்டால், க்யூட்டி_டீபக்_பிளகின்ஸ் என்ற சூழல் மாறியை 1 ஆக்கி ஓடவிடுங்கள். எந்தக் கோப்பைத் தொட்டது, எங்கே தடுக்கியது என்று வரிவரியாகச் சொல்லிவிடும்.

இதை விட்டுவிட்டு, கண்ட தளத்திலிருந்து லைப்ரரிக் கோப்பை இறக்கி, சூடோ போட்டு சிஸ்டம் ஃபோல்டரில் கொட்டுகிறவர்களை என்ன சொல்ல? யார் செய்த கோப்பு, உள்ளே என்ன இருக்கிறது என்று எதுவும் தெரியாமல் வீட்டுச் சாவியைக் கொடுக்கும் வேலை அது. 6 என்று முடியும் லைப்ரரி கேட்டால் 5க்கு ஒரு சிம்லிங்க் போட்டு ஏமாற்றுகிறவர்களும் உண்டு. பழைய பதிப்போடு ஒத்துப்போகாத மாற்றம் வரும்போதுதான் அந்த எண்ணை மாற்றுவார்கள். ஏமாந்த புரோகிராம் அன்றைக்கு ஓடும். பிறகு சம்பந்தமில்லாத ஓரிடத்தில் விழும். எல்டி_லைப்ரரி_பாத்தை பாஷ்ஆர்சியில் நிரந்தரமாக எழுதிவைப்பதும் இந்த ரகம்தான். ஒரு புரோகிராமுக்காகச் செய்தது ஊரில் உள்ள புரோகிராம்களையெல்லாம் பிடித்து ஆட்டும்.

இன்னொன்று. மாணவர் அனுப்பிய படத்தில் எரரின் கடைசி இரண்டு வரி மட்டுமே இருந்தது. 6.5க்குப் பிந்தைய க்யூட்டி, அதற்கு மேல்வரியில் லிப்எக்ஸ்சிபி-கர்சர்0 தேவை என்று பெயரோடு அச்சிடுகிறது. இனி எழுதுகிறவர்கள் தயவுசெய்து டெர்மினலில் வந்ததை முதல் வரியிலிருந்து அப்படியே காப்பி செய்து அனுப்புங்கள், போட்டோ வேண்டாம்.