நகர எல்லையில் ஒரு சாலைக்கிணறு

காஞ்சிக்கு யாத்திரை வருகிறவர்கள், ஏகாம்பரநாதரையும் காமாக்ஷியையும் வரதராஜரையும் சேவித்து, காந்தி ரோட்டுப் பட்டுக்கடை ஒன்றில் ஏறி இறங்கி, பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பிவிடுவதே வழக்கமாகையால், நகரத்தின் தெற்கு எல்லையில் பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் செவிலிமேட்டை அவர்களில் பெரும்பாலோர் பார்த்ததேயில்லை. தனிப் பேரூராட்சியாயிருந்து 2011-ல் காஞ்சி நகராட்சியோடு சேர்ந்த ஊர் இது. லக்ஷ்மி நரசிம்மர் கோயில் ஒன்று இங்குண்டு. சந்தடியற்றுத் தரிசனம் செய்ய விரும்புகிறவர்களுக்கு அதைப்போல் வாய்ப்பது அரிது. ஆயினும் நான் முக்கியமாக நாடிப் போனது சாலைக்கிணற்றை.

யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றுவந்த இளம் ராமானுஜர், குருவோடு காசிக்குப் புறப்பட்ட வழியில், தம் உயிருக்கே ஆபத்துச் சூழ்ந்திருப்பதைச் சிற்றன்னை மகன் கோவிந்தர் மூலம் அறிந்து, விந்திய வனத்தில் தனியே பிரிந்து திகைத்து நிற்கையில், வேடனும் வேடுவச்சியுமாய் வந்த தம்பதிகள் அவருக்கு வழித்துணையாயினர் என்பதும், விடியற்காலையில் வேடுவச்சி தாகமென்று சொல்லவே, அவர் இக்கிணற்றில் இறங்கி மும்முறை நீர் முகந்து கொடுத்து, நான்காம் முறை ஏறி வந்து பார்க்கையில் இருவரையும் காணாமல், வரதராஜரின் புண்யகோடி விமானத்தையே எதிரே கண்டார் என்பதும் வைஷ்ணவ குருபரம்பரை கூறும் வரலாறு. வேடர் கோலத்துப் பெருமாளும் தாயாரும் ராமானுஜரோடு இங்கே சிறு சந்நிதியில் எழுந்தருளியிருக்கிறார்கள்.

அந்த அற்புதத்தைவிட, அதன்பின் வந்த அன்றாட ஊழியமே எனக்கு அதிகம் ருசிக்கிறது. வரதராஜரின் அடியவரான திருக்கச்சி நம்பிகளின் வாக்குப்படி, நாள்தோறும் இக்கிணற்று நீரைக் குடத்தில் முகந்து, சின்னக் காஞ்சி வரை சுமந்து சென்று, பெருமாள் திருமஞ்சனத்துக்குச் சமர்ப்பித்து வந்தார் அந்த மேதை. திருவரங்கத்திலிருந்து ஆசாரியர் ஆளவந்தார் அனுப்பிய சீடர் பெரிய நம்பிகள் அவரைக் கண்டதும், தீர்த்தக் குடத்தோடு அவர் வந்துகொண்டிருந்த வழியில்தான் என்பார்கள். திருவரங்கத்துக்கு அவரை அழைத்துச் சென்ற பாதை, ஒரு வகையில், இந்தக் கிணற்றடியில் தொடங்கியது.

நீரின் மகிமையைப் பட்டாசாரியார் மட்டுமா சொல்கிறார்? தறிக்காரரும் சொல்லுவார்: காஞ்சிப் பட்டில் சாயம் ஏறி மின்னுவது பாலாற்று நீரின் குணத்தால் என்று. கர்நாடகத்து நந்தி மலையில் பிறக்கும் அந்த நதியோ, வருஷத்தில் பெரும்பகுதி வெறும் மணல்! குழித்தறியில் கோர்வைச் சேலை நெய்வதைச் சற்று நின்று கவனித்தால் கால்கள் நகர மறுக்கும். உடலுக்கு ஒன்றும் இரு கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடாக்கள் ஓட, ஒரு கரையின் நாடாவைத் தள்ள நெசவாளரின் பக்கத்தில் துணையாள் ஒருவர் அமர்ந்திருக்க, உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வொரு இழையாகப் பின்னிக்கொள்ளும் அந்த இடத்தில்தான் தாழம்பூ ரேக்கு பல் பல்லாக எழும்புகிறது. கடையில் விலை கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் இதை அரைமணி நேரமாவது பார்த்துவிட்டுப் பேரம் பேசலாம்.

தெற்கே ஐயங்கார்குளத்தில், விஜயநகர காலத்துத் தாதாசாரியார் பெயரோடு இணைத்துப் பேசப்படும் சஞ்சீவிராயர் கோயிலும் பெருங்குளமும் அருகில் நடவாவிக் கிணறும் இருக்கின்றன. பூமிக்கடியில் படியிறங்கிப் போனால் கிணற்றைச் சுற்றிக் கல்மண்டபம். சித்திரா பௌர்ணமிக்கு முன் நீரை இறைத்து வெளியேற்றினாலொழிய அதற்குள் நுழைய முடியாது. அன்று வரதராஜர் செவிலிமேடு வழியாகவே புறப்பட்டு வந்து அம்மண்டபத்தில் எழுந்தருளுகிறார். ராமானுஜர் நீர் சுமந்து போன திக்கிலிருந்து பெருமாளே நீரைத் தேடி வருவதாக நான் எண்ணிக்கொண்டேன். சாஸ்திர சம்மதம் உண்டோ இல்லையோ, பட்டரிடம் கேட்கவில்லை.

பாலாற்றுப் பாலம் தாண்டினால் வந்தவாசி சாலை. மகேந்திரவர்மன் குடைந்த மாமண்டூர்க் குகைகளுக்கு அடுத்த வாரம் போவோம்.