முள் இறங்கினால் சூடு தணிந்ததா?
வாகனத்தின் வெப்பநிலை உணரிகளை அறிந்துகொள்வோம்

"சூடு ஏறினதைக் கண்டனான் தம்பி. நிப்பாட்டுவம் எண்டு நினைக்கேக்குள்ள முள்ளு தானாக் கீழ இறங்கிட்டுது. அதாலதான் ஓடிக்கொண்டு வந்தனான்."

"முள்ளு இறங்கினது சூடு குறைஞ்சதால இல்லை அக்கா. தண்ணி முழுக்கப் போட்டுது. சூட்டைத் தொட்டுச் சொல்லுறதுக்கு உள்ள தண்ணியே இல்லை."

பளைக்கு அருகே வீதியோரத்தில் நின்றுபோன ஒரு பழைய பெற்றோல் வானின் முன்னால், அதன் சாரதியான சகோதரிக்கும் உதவிக்கு வந்த மெக்கானிக் இளைஞருக்கும் இடையே நடந்த உரையாடல் இது. போரில் கணவனை இழந்த அச்சகோதரி, காலையும் மாலையும் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றியும், இடையில் வாடகைக்கு ஓடியும் தன் இரு பிள்ளைகளை வளர்த்து வருபவர். அன்று கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிச் சென்றார். பரந்தன் தாண்டியதும் வெப்பநிலை முள் மேலே ஏறத் தொடங்கியது. ஆனையிறவு வெளியில் சிவப்புக் கோட்டை நெருங்கியது. இயக்கச்சிக்கு அண்மையில் திடீரெனக் கீழே இறங்கியது. நிம்மதியுடன் தொடர்ந்து ஓட்டினார். பளையில் எஞ்சின் இழுவை குறைந்து நின்றுவிட்டது.

சிலிண்டர் ஹெட் வளைந்து, கஸ்கற் எரிந்து போயிருந்தது. வெடித்திருந்தது விலை குறைந்த ஒரு இறப்பர் ஹோஸ் மட்டுமே. ஆனால் அவர் தோட்டை அடகு வைக்கவேண்டி வந்தது. வான் கராஜில் நின்ற நாட்களில் வருமானமில்லை. லீசிங் தவணையோ நிற்கவில்லை.

வாகனம் ஓட்டுவதை எம்மில் பலர் கற்றுக்கொண்டோம். ஆனால் மீற்றர் சொல்வதைப் புரிந்துகொள்ளும் அறிவை இன்னும் "ஆண்களின் வேலை" என்று விட்டுவிடுகிறோம். அந்த முள்ளின் பின்னால் இருப்பது என்ன என்பதை இவ்விதழில் பார்ப்போம்.

உணரி எப்படி வேலை செய்கிறது?

ஓடும் எஞ்சினின் சூட்டைத் தணிப்பதற்காக அதனுள் நீர் சுற்றிவருகிறது. இந்த நீரைத் தொட்டபடி பொருத்தப்பட்டிருக்கும், விரலின் நுனியளவான பித்தளை அல்லது பிளாஸ்திக் உறுப்பே வெப்பநிலை உணரி. கராஜில் இதனை ரெம்பரேச்சர் சென்சர் என்பார்கள்.

இதன் உள்ளே இருப்பது வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் ஒரு சிறு பொருள். குளிராக இருக்கும்போது அதன் தடை அதிகம்; சூடாகும்போது தடை குறையும். ஜப்பானியக் கார்கள் பலவற்றில் 20 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 2000 முதல் 3000 ஓம் வரையிருக்கும் தடை, 80 பாகையில் 200 முதல் 400 ஓம் வரை குறைந்துவிடும். எஞ்சினின் கணினி இந்த உணரிக்கு 5 வோல்ற் மின்சாரம் அனுப்பி, அதில் ஏற்படும் மாற்றத்தைக் கொண்டு நீரின் சூட்டைக் கணிக்கிறது.

உணரி தன்னைத் தொடும் பொருளின் சூட்டை மட்டுமே சொல்லும். நீர் வற்றி, அதனைச் சுற்றி வெறும் காற்று நின்றால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தாலும் முள் கீழே இறங்கலாம். எனவே ஏறிய முள் காரணமின்றித் திடீரென விழுந்தால் அது நல்ல செய்தியல்ல. உடனே நிறுத்த வேண்டிய செய்தி.

ஒன்றல்ல, பல உணரிகள்

பழைய வாகனங்கள் பலவற்றில் முள்ளுக்கு ஒரு உணரியும், கணினிக்கு இன்னொரு உணரியும், ரேடியேற்றர் விசிறியை இயக்க ஒரு சுவிற்சும் தனித்தனியே இருக்கும். ஆகவே முள் சரியாக இருக்கும்போதே கணினியின் உணரி பழுதடைந்திருக்கலாம். "சென்சரை மாற்றவேண்டும்" என்று கராஜில் சொன்னால் "எந்தச் சென்சர்?" என்று கேளுங்கள்.

எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் சூட்டை அளக்கும் உணரி காற்று வடிகட்டிக்கு அருகே இருக்கும். வெளிக்காற்றின் வெப்பநிலையைக் காட்டும் உணரி முன் பம்பரின் பின்னால் இருக்கும். வெயிலில் நின்ற கார் 40 பாகைக்கு மேல் காட்டினால் அது பெரும்பாலும் பழுதல்ல. தார் வீதியின் சூட்டையே அது உணர்கிறது. ஓடத் தொடங்கியதும் குறைந்துவிடும்.

சிறிய ஜப்பானியக் கார்கள் பலவற்றில் முள்ளே இல்லை. குளிராக இருக்கும்போது நீல விளக்கும், அளவுக்கு மீறிச் சூடானால் சிவப்பு விளக்கும் எரியும். சிவப்பு விளக்கு எரிந்தபின் அடுத்த சந்திவரை போவோம் என்று எண்ணக்கூடாது.

பழுதடைந்தால் எப்படி அறிவது?

உணரி எப்போதும் "குளிர்" என்று பொய் சொன்னால், கணினி தேவைக்கு மேல் பெற்றோலை ஊற்றும். பெற்றோல் செலவு கூடும், புகைக்குழாயில் கறுப்புப் புகையும் பெற்றோல் மணமும் வரும். மாறாக "சூடு" என்று பொய் சொன்னால் காலையில் ஸ்ராட் எடுப்பது கடினமாகும். வயர் கழன்றுவிட்டால் பல வாகனங்களில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, விசிறி ஓயாமல் சுற்றும்.

ஸ்கேனர் வைத்துப் பார்க்கும்போது பி 0117 அல்லது பி 0118 என்ற குறியீடு வந்தால் அது இந்த உணரியின் மின்சுற்றைக் குறிக்கும். உணரியே பழுது என்று அதற்குப் பொருளல்ல. வயரும் இணைப்பும் காரணமாக இருக்கலாம். முதலில் நீர், அடுத்து வயர், அதன் பிறகே உணரி என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்கேனர் கிடைத்தால் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். இரவு முழுவதும் நின்ற வாகனத்தை ஸ்ராட் எடுக்குமுன், சாவியை மட்டும் திருப்பி நீரின் வெப்பநிலையையும் உட்செல்லும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ அன்றைய காலைச் சூட்டுக்கு, அதாவது 25 முதல் 30 பாகை வரை, சமமாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் வெகுதூரம் விலகியிருந்தால் சந்தேகம் அதன்மேல்தான்.

கிணற்றுத் தண்ணீரும் கேத்தலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக் கல்லாலானது. இங்குள்ள கிணற்று நீரைத் தொடர்ந்து கொதிக்கவைக்கும் கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் படிவதை நாம் அறிவோம். அதே நீரை ரேடியேற்றருக்குள் ஊற்றினால் அதே படிவு எஞ்சினுள்ளும் ஏற்படும். படிவு மூடிய உணரி சூட்டைத் தாமதமாகவே உணரும். ரேடியேற்றரின் நுண்குழாய்களும் அடைபடும்.

ஆகவே வாகனத்தின் கைநூலில் சொல்லப்பட்ட கூலன்றையே பாவியுங்கள். "எங்களுக்கென்ன பனியா கொட்டுகிறது?" என்று சிலர் கேட்பதுண்டு. கூலன்ற் உறைவதைத் தடுப்பதற்கு மட்டுமல்ல. துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. கலக்க வேண்டியிருந்தால் பற்றரிக்கு விடும் வடித்த நீரைக் கலக்கலாம். கூலன்ற் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. பிள்ளைகளுக்கும் ஆடு, நாய்களுக்கும் எட்டாமல் வையுங்கள்.

இன்னொரு பழக்கமும் எம்மிடையே உண்டு. "இது சூடான நாடு" என்று சொல்லி, நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தேமோஸ்ரற் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவது. அந்த வால்வு பொதுவாக 80 பாகை கடந்தபின்பே திறக்கும். அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டை அடையப் பிந்தும். உணரி "இன்னும் குளிர்" என்று உண்மையே சொல்லும், கணினி பெற்றோலைக் கூட்டும். இழப்பு எமது கைப்பணத்துக்கே.

நாமே செய்யக்கூடியவை

• வாரம் ஒருமுறை, எஞ்சின் ஆறியிருக்கும் காலைவேளையில் நீர்மட்டத்தைப் பாருங்கள். அடிக்கடி குறைந்தால் நிரப்பிக்கொண்டே போகாமல் கசிவைத் தேடுங்கள்.

• ஹோஸ் குழாய்களை அமுக்கிப் பாருங்கள். வெடிப்போ வீக்கமோ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

• உணரியின் வயர் இணைப்பில் பச்சை நிறப் பூப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். உப்புக் காற்றுள்ள கரையோரங்களில் இது விரைவில் வரும்.

• உங்கள் வாகனத்தின் முள் வழக்கமாக எங்கே நிற்கும் என்பதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே அசையாமல் நிற்கும். அங்கிருந்து ஏறினாலும் விழுந்தாலும் காரணம் உண்டு.

• பொனெற்றைத் திறந்து பார்க்கும்போது சேலைத் தலைப்பையும் சோலையும் பின்னலையும் இறுக்கிக் கட்டுங்கள். எஞ்சின் நின்றபின்னும் விசிறி தானாகச் சுற்றக்கூடும்.

வழியில் சூடேறினால்

ஏசியை நிறுத்தி, பாதுகாப்பான இடத்தில் ஓரமாக்கி எஞ்சினை நிறுத்துங்கள். ஏற்றி வந்தவர்களை இறக்கி நிழலில் இருத்துங்கள். ரேடியேற்றர் மூடியை உடனே திறக்கவே கூடாது. அமுக்கத்தில் இருக்கும் நீர் 100 பாகைக்கு மேலும் சூடாக இருக்கும். மூடி திறந்ததும் கொதித்துச் சீறி முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஆறவிடுங்கள். மூடியைத் தொட்டுப் பார்த்துச் சூடில்லை என்றால் மட்டும் தடித்த துணியால் பிடித்து மெல்லத் திறவுங்கள். கொதிக்கும் எஞ்சின் மேலோ உள்ளேயோ பச்சைத்தண்ணீரை ஊற்றினால் உலோகம் வெடிக்கலாம்.

2020ஆம் ஆண்டு தொடக்கம் சில ஆண்டுகள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால், எம்மிடம் ஓடுபவற்றில் பல வயதான வாகனங்களே. அவற்றைப் பேணிக் காப்பதைத் தவிர வேறு வழி எமக்கில்லை.

அச்சகோதரி தோட்டை இன்னும் மீட்கவில்லை. ஆனால் வான் மீண்டும் ஓடுகிறது. காலையில் பிள்ளைகள் வரமுன் பொனெற்றைத் திறந்து தண்ணீரைப் பார்த்துவிட்டே சாவியைத் திருப்புகிறார். "படிக்கிறதுக்கு ரெண்டு நிமிசம் காணும் தங்கச்சி. எனக்கு அது தெரியாமப் போனதுக்குத்தான் ஒரு சோடித் தோடு" என்றார் அவர். அவர் விலை கொடுத்துப் பெற்ற அந்தப் பாடத்தை நீங்கள் விலையின்றிப் பெற்றுக்கொள்ளுங்கள். நாளைக் காலையே உங்கள் வாகனத்தின் நீர்மட்டத்தைப் பாருங்கள்.