துணிச்சலுக்குத் தனிச் சீட்டு

சிங்கப்பூரின் டோபி காட் ரயில் நிலையத்தில் இன்று மூன்று பாதைகள் சந்திக்கின்றன. 1987-இல் முதல் பாதை வந்தது. 2003-இல் வடகிழக்குப் பாதையும் 2010-இல் வட்டப் பாதையும் சேர்ந்துகொண்டன. லிட்டில் இந்தியாவிலிருந்து ஒரே நிறுத்தம். அங்கே தேக்காவில் காலை உணவை முடித்துவிட்டு ரயிலேறும் தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்று, இங்கே இறங்காவிட்டால் இன்னும் நான்கு நிறுத்தத்தில் ஹார்பர்ஃபிரண்ட் போய், அங்கிருந்து செந்தோசா தீவுக்குள் நுழைந்துவிடலாம். ஐந்து நாள் சுற்றுலாவில் எந்த நாள் எங்கே என்பது ஊரிலேயே முடிவாகியிருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் டோபி காட்டில் ஓடையொன்று ஓடியது. சென்னை மாகாணத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் அதன் கரையில் துணி துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தினார்கள். பிறகு ஓடை கால்வாயாயிற்று. கால்வாயின் மேல் மூடி போட்டார்கள். மூடியின் மேல் நகரம் நடக்கிறது. அந்தத் தொழிலாளர்களும் கடல் கடந்து வந்தவர்கள்தான். ஆனால் அவர்களுடைய பயணத்தைச் சாகசம் என்று யாரும் சொன்னதில்லை. பிழைக்கப் போனார்கள் என்றுதான் ஊர் சொன்னது.

அந்தப் பிழைப்புப் பயணத்தைப் பெரும் எண்ணிக்கையில் நடத்திய கப்பல் ரஜூலா. 1926-இல் கட்டப்பட்டு, 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. தொடக்கக் காலத்தில் ஐயாயிரம் பேருக்கும் மேல் அதன் தளத்தில் ஏற்ற அனுமதி இருந்தது. நாகையில் கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாமல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் படகில் போய், அலையில் ஏறி இறங்கும் படகிலிருந்து கப்பலின் ஏணியைப் பிடிக்க வேண்டும். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் ட்ரங்குப் பெட்டி என்றால், ஏணியைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? தளத்தில் பாய் விரித்த இடமே வீடு. ஏறத்தாழ ஒரு வாரம் வெயிலும் மழையும் வாந்தியும் எல்லோருக்கும் பொது.

இன்று சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ நான்கு மணி நேரம். ஒரு விமானத்தில் சுமார் 180 பேர். முழுக்க நிறைந்த ரஜூலாவின் ஒரு பயணத்தைச் சுமக்க, அப்படிக் குறைந்தது இருபத்தெட்டு விமானங்கள் வேண்டும். ரஜூலாவுக்குப் பின் வந்த சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியது; சுமார் 40 பேர் இறந்தார்கள். அதோடு சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான பயணிகள் கப்பல் காலமும் முடிந்தது. 2019-இல் இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த பயணிகள் பதினான்கு லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோருக்கு வழியிலிருந்த கடல், ஜன்னலுக்குக் கீழே மேகம் விலகும்போது மட்டும் தெரியும் நீலம்.

வந்து சேர்ந்த பிறகும் கதை வேறு. செயின்ட் ஜான்ஸ் தீவில் 1874-இல் நோய்த் தடுப்பு முகாம் அமைந்தது. கப்பலில் ஒருவருக்கு அம்மையோ காலராவோ கண்டால், தளப் பயணிகள் அந்தத் தீவில் இறக்கப்பட்டார்கள். கிருமிநாசினி கலந்த நீரில் குளியல், துணிமணிக்கு நீராவி, பிறகு நாள்கணக்கில் காத்திருப்பு. கண்ணுக்கெட்டும் தொலைவில் சிங்கப்பூர், போக முடியாது. இன்று மரினா சவுத் படகுத்துறையில் சீட்டு வாங்கினால் சுமார் அரை மணி நேரத்தில் அதே தீவு. பக்கத்து லாசரஸ் தீவுக்கு நடந்தே போகலாம். வெள்ளை மணல், நீச்சல், துடுப்புப் படகு. அன்று அங்கிருந்து எப்போது விடுவார்கள் என்று காத்திருந்தார்கள். இன்று கடைசிப் படகைத் தவறவிடாதீர்கள் என்று எச்சரிக்கிறார்கள். வருகை அட்டையைக்கூட இப்போது வீட்டிலிருந்தே இணையத்தில் நிரப்பி அனுப்பிவிடலாம்.

டோபி காட்டிலேயே நிற்கிறது கேத்தே கட்டடத்தின் முகப்பு. 1939-இல் திறந்த அது, அந்நாளில் ஊரின் மிக உயரமான கட்டடம். குளிரூட்டிய திரையரங்கு அதன் பெருமை. 1943 அக்டோபர் 21 அன்று சுபாஷ் சந்திர போஸ் அங்குதான் ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தார். மறுநாள், நடந்து போகும் தொலைவிலுள்ள வாட்டர்லூ தெருவில், பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. சென்னையில் மருத்துவம் படித்து 1940-இல் சிங்கப்பூர் வந்த லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவி. சேர்ந்தவர்களில் பலர் மலாயாத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். ரப்பர் மரங்களுக்கு அப்பால் உலகம் பார்க்காதவர்கள். பர்மாவுக்குப் போன படை 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது அவர்களில் ஒரு பிரிவினர் பாங்காக் வந்து சேர ஏறத்தாழ மூன்று வாரம் ஆயிற்று. கிடைத்த இடத்தில் லாரியும் ரயிலும், கிடைக்காத இடத்தில் நடை. பகலில் விமானத் தாக்குதலுக்கு அஞ்சி மறைவிடம். இரவில் சேறும் ஆறும்.

இன்று சிங்கப்பூரில் நெடுநடை போக விரும்பும் பெண்ணுக்கு, ஜூரோங் ஏரித் தோட்டத்திலிருந்து கோனி தீவு வரை 36 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. வழி காட்டக் கைப்பேசி. வழியெங்கும் பூங்காக்கள், கழிவறைகள். இருட்டிய பிறகும் தனியாக ஓடுகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த அச்சமின்மையைச் சின்ன லாபம் என்று ஒதுக்க முடியாது. முந்தைய தலைமுறைப் பெண்கள் போரிலும் பஞ்சத்திலும்தான் இவ்வளவு தூரம் நடக்க நேர்ந்தது.

ஆபத்தைப் பயணத்திலிருந்து கழற்றியாயிற்று. கழற்றியதைத் தனியே விற்கிறார்கள். செந்தோசாவில் 47 மீட்டர் உயரத்திலிருந்து காலில் கயிறு கட்டிக் குதிக்கலாம். மலையிலிருந்து கடற்கரைக்கு 450 மீட்டர் கம்பியில் தொங்கிச் சரியலாம். செலவில்லாமல் நெஞ்சு படபடக்க வேண்டுமென்றால் மெக்ரிச்சி காட்டில் 250 மீட்டர் தொங்குபாலம், 2004 முதல். செந்தோசாவில் குதிக்கும் முன் படிவத்தில் கையெழுத்து; எடை பார்ப்பார்கள்; கொக்கியை ஒருவர் மாட்ட இன்னொருவர் இழுத்துப் பார்ப்பார். பயம் உண்மையானது, ஆபத்து கிட்டத்தட்ட இல்லை. ரஜூலாவின் தளத்தில் இது தலைகீழ்: ஆபத்து நிஜம், ஆனால் பயந்து நிற்க யாருக்கும் நேரமில்லை.

நினைவு வைத்துக்கொள்வதிலும் கணக்கு மாறிவிட்டது. அன்று கடல் கடந்த லட்சக்கணக்கானோரில் எழுதி வைத்தவர்கள் மிகக் குறைவு. ஏ.கே. செட்டியார் போன்ற ஒரு சிலர் உலகம் சுற்றி எழுதியதைத் தமிழ்நாடு ஆவலோடு படித்தது. தளப் பயணிகளின் பயணமோ பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன இரண்டு மூன்று சம்பவங்களோடு நின்றுபோனது. இன்று சில நொடிக் குதிப்பு மூன்று கோணத்தில் படமாகிறது. டோபி காட் நிலையத்திலிருந்து சுரங்க வழியாகப் பினாங்கு சாலையைக் கடந்தால் ஃபோர்ட் கேனிங் குன்றின் சுருள்படி வரும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வட்ட வானம், அதை நிறைத்து மரக்கிளைகள். வார இறுதியில் அங்கே படமெடுக்க நீண்ட வரிசை. பிரிட்டிஷார் வந்த காலத்தில், பழைய அரசர்கள் அடக்கமான இடமென்று மலாய் மக்கள் ஏற அஞ்சிய குன்று அது. இன்று அங்கே ஏறுபவர் கவலைப்படுவது கைப்பேசியின் மின்கலம் தீர்ந்துவிடுமோ என்றுதான். ஆனாலும் குறை சொல்வதற்கில்லை. தன் பயணத்தைத் தானே பதிவு செய்யும் வாய்ப்பு அன்று சிலருக்கே இருந்தது. இன்று எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது.

எல்லார் பயணத்திலிருந்தும் ஆபத்து கழன்றுவிட்டதா என்றால், இல்லை. கம்பியில் சரிபவரின் தொடையையும் இடுப்பையும் சுற்றும் பாதுகாப்பு வாரைப் பாருங்கள். அதே போன்ற வாரைக் கட்டிக்கொண்டுதான் புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வந்த இளைஞர்கள் இந்த நகரத்தின் அடுக்குமாடிகளில் சாரம் ஏறுகிறார்கள். ஒருவர் அதை மாட்டிக்கொள்ளக் காசு கொடுக்கிறார்; மற்றவர் மாட்டிக்கொண்டு காசு வாங்குகிறார். ஒரு குதிப்பின் கட்டணம், புதிதாக வந்த கட்டுமானத் தொழிலாளியின் சில நாள் அடிப்படைக் கூலி. முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடனுக்கு அவர் வருவதற்கு முன்பே வட்டி ஏறத் தொடங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் நண்பர்களைப் பார்த்து, ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, அவர் விடுதிக்குத் திரும்புகிறார்.

இருவரும் ஒரே திருச்சி விமானத்தில் அடுத்தடுத்த இருக்கையில் வந்திருக்கக் கூடியவர்கள். ஒருவருக்குத் திரும்பும் தேதி சீட்டிலேயே அச்சாகியிருக்கிறது. மற்றவருக்கு அது கடன் அடையும் தேதியைப் பொறுத்தது. ரஜூலாவின் தளத்தில் பெரும்பாலோர் இரண்டாமவர்தான். இன்று முதலாமவர் லட்சக்கணக்கில் பெருகியிருப்பது இந்த நூறாண்டின் சம்பாத்தியம். இரண்டாமவருக்கு ஒரு வாரப் பயணம் நான்கு மணி நேரமாயிற்று. அம்மையும் தனித்தீவும் போயின. கடன் மட்டும் கூடவே வந்துகொண்டிருக்கிறது.