முடியைவிட மெல்லிய இடைவெளி

ஜொகூர், லாயாங் லாயாங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் வடிகால் வெட்டும் பேக்ஹோவைக் கவனித்திருக்கிறீர்களா, நேயர்களே? ஓட்டுநர் லீவரை இம்மியளவு அசைத்தால் வாளியும் மெல்லத்தான் இறங்கும். காரணம், ஹைட்ராலிக் கட்டுப்பாட்டு வால்வு. அதற்குள் ஸ்பூல் என்னும் உருளைத் தண்டு, தன் துளையில் முன்னும் பின்னும் நகர்ந்து எண்ணெய்க்கு வழிவிடுகிறது. தண்டின் விளிம்பில் வெட்டிய சின்னஞ்சிறு பள்ளங்கள் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. அவை இல்லாவிட்டால் வாளி வெடுக்கென்று பாயும்.

தண்டுக்கும் துளைக்கும் நடுவே இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனோ சுமார் 70 மைக்ரான்! அதனால் பல வால்வுகளில் ஒவ்வொரு தண்டையும் அதனதன் துளைக்கென்றே இழைத்துப் பொருத்துகிறார்கள். இன்னொன்றின் தண்டை மாற்றிப் போட முடியாது.

எண்ணெயில் மண்துகள் கலந்தால் இந்த இடைவெளி தேய்ந்து அகலும். லீவரைத் தொடாமலே, தூக்கி நிறுத்திய பேக்ஹோவின் கை தானாக இறங்கத் தொடங்கும். கையை அசைக்கும் சிலிண்டரின் சீல் பழுதானாலும் இப்படி ஆகலாம். தூக்கிய வாளிக்கு அடியில் யாரும் நிற்கவே வேண்டாம். எண்ணெய் ஊற்றுமுன் மூடியைச் சுற்றி நன்றாகத் துடைத்துவிடுங்கள்; ஃபில்டரையும் தயாரிப்பாளர் சொன்ன மணிக்கணக்குப்படி மாற்றிவிடுங்கள்.